கடலை மூடாமல் வந்தோம்

எங்கள் ஊர் ஆம்பிளைகள் கடலில் குளித்துவிட்டுக் கரையேறும்போது, இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு நொடி நின்று, திரும்பி, கடலுக்கு முகத்தைக் காட்டி, தாங்கள் நின்ற இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் வருவார்கள். படுக்கையை விட்டு எழுந்தவன் விரிப்பைச் சரி செய்கிற மாதிரி இருக்கும். பாலோடைத்துறையில் பிறந்து, பாலோடைத்துறையிலேயே வாக்கப்பட்டு, மீன் வாங்கவும் வலை காயப்போடவும் புருஷன் வருகிறானா என்று பார்க்கவும் அந்தக் கரையில் ஆயுசில் பாதியை நின்றே கழித்த நாங்கள், அதைப் பார்க்காத நாளே கிடையாது. பார்த்தோம், அவ்வளவுதான். மீசையை முறுக்குவது போல, பீடியைக் காதில் செருகுவது போல, அதுவும் ஆம்பிளைகளின் கோணங்கித்தனங்களில் ஒன்று என்று விட்டுவிட்டோம். ஏன் என்று எவளும் கேட்கவில்லை, எவனும் சொல்லவில்லை. எங்களுக்குக் கடல் கணுக்கால் வரைக்கும்தான். அதற்கு மேலே ஆம்பிளைகளுடையது.

சவேரியக்காதான் எங்கள் மகளிர் குழுவின் அந்த வருஷப் பயணத்துக்கு வெள்ளைமேட்டுத் தீவின் பெயரைச் சொன்னாள். பெரிய உடம்புக்காரி, அதைவிடப் பெரிய தொண்டைக்காரி, அவள் ஒன்றைச் சொன்னால் அது கோயில் மணி அடித்த மாதிரி ஊர் முழுக்கக் கேட்டுவிடும். "எத்தனை வருசந்தான் பஸ் ஏறி அதே கோயிலுக்குப் போறது? மாதாவுக்கே நம்ம மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சலிச்சிருக்கும்," என்றாள். "எங்கிருந்தோ வாராளுவ, நம்ம கடல்ல நீந்திக் குளிச்சிட்டுப் போறாளுவ. நாம கரையில நின்னு கருவாட்டுக்குக் காக்கா வெரட்டிக்கிட்டுக் கெடக்கோம்."

அவள் சொன்னது நிஜம்தான். தொம்மை அண்ணன் தன் வள்ளத்தில் வெளியூர்க்காரர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், தீவின் மணல்மேட்டில் ஏறவிட்டு, கடலில் குளிக்கவிட்டு, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து இறக்குவார். அதற்குப் பிறகு எங்களுக்கு எங்கள் வீடுகளில் இருப்புக்கொள்ளவில்லை. ஆறு பேர் கிளம்பினோம். சவேரியக்கா, பால்வாடியில் ஆயா வேலை பார்க்கும் பிளாவியா, ஒரே வீட்டில் வாக்கப்பட்டு மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகளான ரொசாரியும் அந்தோணியாளும், ஏழு மாதச் சூலி பெனிட்டா, தையல்காரியான நான். என் பெயர் மதலேன். என் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒருதடவை வருவார், பிள்ளை குட்டி கிடையாது, அதனால் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் என் தையல் மெஷினுக்கு அடியில்தான் விளையாடும்.

பெனிட்டாவை வர வேண்டாம் என்றுதான் எல்லாரும் சொன்னோம். அவளுக்கு அதற்கு முன்னே ரெண்டு தங்கவில்லை. இந்தப் பிள்ளைக்காக அவள் ஏறாத கோயில் இல்லை, உள்ளூர் வெளியூர் என்று. ஆனால் அவள் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, முதுகு விட்டுப் போவுது. ஒரே ஒருதடவ தண்ணியில மெதக்கணும் போல இருக்கு. அதுக்கும் ஆசயாத்தான் இருக்கு, உள்ள கெடந்து உருளுது பாரு," என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். நான் வேறென்ன செய்வேன், அவளுக்குத் தொளதொளவென்று ஒரு நைட்டி தைத்துக் கொடுத்தேன்.

தீவு அவ்வளவு அழகாக இருக்கும் என்று எங்கள் ஆம்பிளைகள் ஒருத்தரும் எங்களிடம் சொன்னதில்லை, அதற்கே அவர்களோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்க வேண்டும். மரம் கிடையாது, வீடு கிடையாது, சலித்தெடுத்த மாவு மாதிரி வெள்ளை மணல் மேடு மேடாகக் கிடந்தது, உச்சியில் ஏறி நின்றால் ரெண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். சவேரியக்கா சாக்கை விரித்து உட்கார்ந்து மேட்டின் உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தாள், வந்த வேகத்தில் கீழே இருந்த புளிச்சோற்றுத் தூக்குவாளியை உருட்டினாள், நாங்கள் மணலோடு சேர்த்துத் தின்றோம், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தொம்மை அண்ணன் நல்ல மனுஷன். பொம்பளைகள் குளிக்கும்போது ஆம்பிளை எதற்கு என்று மேட்டுக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் இறங்கினோம். கணுக்காலைத் தாண்டியது, முழங்காலைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது, நெஞ்சு வந்தபோது ரொசாரி ஐயோ மாதாவே என்று கத்தினாள், பிறகு கழுத்தும் வந்தது. யாருக்கும் நீந்தத் தெரியாது. ஆனால் தண்ணீர் எங்களைத் தூக்கியது. பெனிட்டா மல்லாந்து மிதந்தாள், அவள் வயிறு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். பிளாவியா, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது என்று நாங்கள் கேலி செய்கிற பிளாவியா, அன்றைக்குச் சத்தமாகப் பாடினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "காத்து மாறுது, ஏறுங்க தாயிகளா, சீக்கிரம்!" என்று தொம்மை அண்ணன் கூப்பிட்டார். நாங்கள் கரைக்கு முகத்தைக் காட்டி, கடலுக்கு முதுகைக் காட்டி, நனைந்த துணியைப் பிழிந்துகொண்டே ஓடி வந்தோம்.

ஏறி வந்து திரும்பிப் பார்த்தபோது கடலில் ஆறு பள்ளங்கள் இருந்தன.

நாங்கள் கடைசியாக நின்ற இடங்களில் தண்ணீர் திரும்பி வந்து சேரவில்லை. அலை வந்தது, பள்ளத்தின் விளிம்புவரை வந்து, சுற்றிக்கொண்டு போனது. கழுத்தளவு ஆழம், அடியில் மணல் காய்ந்து கிடந்தது, பக்கச் சுவர் முழுக்கத் தண்ணீர், அந்தச் சுவருக்குள் சின்ன மீன்கள் நீந்தி வந்து விளிம்பில் மூக்கை இடித்துத் திரும்பிப் போயின. நான் அளவெடுக்கிறவள், எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை. அகலமாக இருந்தது சவேரியக்கா. ஒரு தோள் இறங்கி இருந்தது நான். முன்பக்கம் வயிறு துருத்தி நின்றது பெனிட்டா.

தொம்மை அண்ணன் மேட்டின் மேலே வந்து நின்று பார்த்தார். ஆச்சரியப்படவில்லை, கோபம்தான் வந்தது அவருக்கு. "மூடலையா நீங்க?" என்றார்.

"எத மூடணும்?" என்றாள் சவேரியக்கா.

அவர் கையைத் தூக்கி, காற்றில் அந்தத் தடவலைச் செய்து காட்டினார். "வெளியூர்க்காரங்ககிட்ட கடலுக்கு டாட்டா காட்டுங்கன்னு சொல்லுவேன், அதுவளும் சிரிச்சிக்கிட்டே தடவிட்டு வரும். நீங்க கடக்கரைக்காரிய. ஒங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒங்க அப்பமாரு சொல்லித் தரலையா?"

"எந்த அப்பன் பொம்பளப்புள்ளைய நீச்சல் பழக்கக் கடல்ல தூக்கிப் போட்டான், சொல்லித் தர?" என்று சவேரியக்கா கத்தினாள். அந்தக் கத்தலில் பாதி அழுகை.

விளிம்பில் நின்று கையால் தடவிப் பார்த்தோம். தண்ணீர் நகரவில்லை. ஏறி வரும்போது, கடலைப் பார்த்தபடி, அந்த ஆளே தன் கையால் தடவினால்தான் உண்டு என்றார் தொம்மை அண்ணன். அப்படியானால் மறுபடி உள்ளே இறங்கி ஏறி வருகிறேன் என்று அந்தோணியாள் காலை வைக்கப் போனாள், அவர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "இறங்குன உடனே, ஆளு வந்துட்டுன்னு மூடிக்கிடும். அளவு சரியா இருக்குல்லா, இடம் விடாது," என்றார். வள்ளம் கிளம்பியது. கொஞ்சம் தூரம் போன பிறகு பெனிட்டா என் தோளைத் தொட்டாள். ஆறு பள்ளங்களும் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தன, பால் குடிக்கிற கன்றுக்குட்டிகள் மாதிரி, அவசரப்படாமல், விலகாமல்.

ஊர் முதலில் பயந்தது, பிறகு பழகிவிட்டது. பழகாத விஷயம் என்று எங்கள் ஊரில் எதுவும் கிடையாது. பள்ளங்கள் கரைக்கு எதிரே வரிசையாக வந்து நின்ற மறுநாளே பங்குச்சாமி வள்ளத்தில் போய் மந்திரித்த தண்ணீர் தெளித்தார், அது ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் சின்னக் குட்டையாகத் தேங்கி நின்றது, மூன்று நாளில் வற்றியது. தொழிலுக்குப் போகிறவர்கள் வள்ளம் விழுந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள், துணி நான்தான் கிழித்துக் கொடுத்தேன். சவேரியக்கா பள்ளத்துக்கு ரெண்டு கம்பு நட வேண்டியிருந்தது என்று சொல்லிச் சிரித்தார்கள். நாங்கள் இளைத்தால் பள்ளமும் இளைத்தது, பெருத்தால் பெருத்தது, தவசு காலத்தில் ஒருவேளைதான் சாப்பிடுகிறேன் என்று ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்த ரொசாரியின் குட்டு அதில்தான் உடைந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் என் பள்ளத்திலிருந்து ஆவி கிளம்பியதாம், பக்கத்தில் வலை போட்டவர்கள் வந்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள், கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். மதலேன் எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காமல் கடலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுகிற அளவுக்கு ஊருக்கு அது சௌகரியமாகிவிட்டது.

எங்களுக்கு மட்டும் சௌகரியமாகவில்லை. வெளியே சிரித்தோம், உள்ளே செத்துக்கொண்டிருந்தோம். கடல் பொங்கிக் கரையில் வெள்ளம் ஏறுகிற நேரத்தில், அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாலும் சரி, மெஷினில் உட்கார்ந்திருந்தாலும் சரி, கழுத்துவரை குளிர்ந்து வரும். இந்த உலகத்தில் நமக்கென்று, நம் அளவுக்கென்று, தோள் இறக்கம் உட்படச் சரியாக ஓர் இடம் இருக்கிறது, அது காலியாக இருக்கிறது, காத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வரும். அந்த நினைப்பில் ஆசையும் கொஞ்சம் இருந்தது, அதுதான் எனக்குப் பெரிய பயம். அமாவாசைக்கு அமாவாசை பள்ளங்கள் கரைப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து வந்தன. கம்புகளை ஆம்பிளைகள் பிடுங்கிப் பிடுங்கி நட்டார்கள்.

ஒரு மத்தியானம் பிளாவியா அடுப்பில் உலையை வைத்தவள் அப்படியே எழுந்து போனாள். தெருவில் பார்த்தவர்கள் அவள் தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள். கடலில் இறங்கினாள், நடந்தாள், தன் கம்புக்குப் பக்கத்தில் நின்றாள், உள்ளே இறங்கினாள். நான் தைக்கிற எந்த ரவிக்கையும் எவளுக்கும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில்லை. தண்ணீர் நாலு பக்கமும் வந்து ஒட்டியது, அவள் தலை இருந்த இடத்தில் ஓர் அலை வந்தது, போனது, அங்கே கடல் மட்டும்தான் இருந்தது. ஊரே முக்குளித்துத் தேடியது. கம்பு மட்டும் நின்றது. அன்றைக்கு அவள் வீட்டு உலை கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்திருந்ததைப் பார்த்துத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

அதற்கும் ஊர் ஒரு வழி செய்துகொண்டது. எங்கள் ஐந்து பேர் வீட்டுக் கடல்பக்கக் கதவுகளை ஆணி அடித்து மூடினார்கள். வெள்ளம் ஏறுகிற நேரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் முறை வைத்து வந்து, எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சீரியல் பார்த்தார்கள், கீரை ஆய்ந்தார்கள், வம்பு பேசினார்கள். வெள்ளம் இறங்கியதும் விட்டுவிட்டுப் போனார்கள். குளிர் கழுத்தைத் தொடும்போது ஒரு மனுஷக் கை சூடாக நம் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பெனிட்டாவுக்குப் பெண் பிறந்தது. நல்ல பிறப்பு, தாயும் பிள்ளையும் சுகம். அவள் புருஷன் ரோமால்டு கல்கண்டு கொடுத்துக்கொண்டே ஓடினான், எங்கே என்று கேட்டால் கடலுக்கு. நாங்களும் பின்னால் ஓடினோம். பெனிட்டாவின் பள்ளத்தில் வயிறு வற்றியிருக்கும் என்று எல்லாரும் நினைத்தோம், எங்கள் உடம்பு மாறினால் மாறுகிறதே. வற்றவில்லை. வயிறு அப்படியே துருத்திக்கொண்டு நின்றது. ரோமால்டு கையிலிருந்த கல்கண்டுப் பொட்டலம் கீழே விழுந்தது, அவன் அதை எடுக்கவில்லை.

பிள்ளைக்கு ஓசன்னா என்று பெயர் வைத்தார்கள். அவள் வளர்ந்தாள், பள்ளத்தின் வயிறும் வளர்ந்தது. எந்தத் தாயின் வயிறும் அந்த அளவுக்கு வளர முடியாது. கடலைப் பார்க்காமலேயே கடலில் இடம் பிடித்துவிட்ட பிள்ளை அது. தொட்டிலில் மேற்கே தலைவைத்துப் போட்டால் விடியும்போது கடல் இருக்கிற கிழக்கே தலைவைத்துக் கிடக்கும். தவழ ஆரம்பித்ததும் எந்த அறையில் விட்டாலும், எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும், ஆணி அடித்த கதவுக்குப் போய் அதில் நெற்றியை வைத்துக்கொண்டு இருக்கும். அழாது. அது அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒருநாள் பெனிட்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கடல் வாசமே இல்லாத கரிசல்காட்டில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாளில் திரும்பி வந்து என் வீட்டுக்குள் நுழைந்து, மெஷினுக்கு அடியில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை மடியில் தூங்கியது.

"என்னட்டி ஆச்சு?"

"அவுக வீட்டுல ஒரு கெணறு இருக்குக்கா," என்றாள். "காலையில தண்ணி எறைக்கப் போனேன். வாளி தண்ணியில முட்டல. எட்டிப் பாத்தா உள்ள பள்ளமா நான் நிக்கேன்க்கா. வயித்தோட."

நானும் மெஷினுக்கு அடியில் நுழைந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் பிள்ளையைச் சேலை முந்தானையால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டுதான் தூங்கினாள், சமைத்தாள், கோயிலுக்குப் போனாள். "ரெண்ட விட்டுட்டேன். இதயும் கேட்டா நான் என்ன செய்வேன்?" என்று மாதா சுரூபத்தின் முன்னால் நின்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

மாதா திருவிழா வந்தது. பள்ளங்கள் அதற்குள் கரைக்கே வந்துவிட்டிருந்தன. முழங்காலளவுகூடத் தண்ணீர் இல்லாத இடத்தில், மணலுக்குள் இறங்கி, கழுத்தளவு ஆழத்தோடு நின்றன. பார்த்தால் வெட்டி வைத்த குழி மாதிரியே இருந்தன, அந்த வார்த்தையை மட்டும் யாரும் வாயில் எடுக்கவில்லை. சாயங்காலம் சப்பரம் கடற்கரைத் தெருவில் திரும்பியது, பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை, மல்லிகைப்பூ, மெழுகுவர்த்தி, ஊரே சப்பரத்தைப் பிடித்துக்கொண்டு போனது. பெனிட்டாவும் மற்ற பெண்களோடு சப்பரத்தின் கயிற்றில் கை வைத்தாள். ஒரே ஒரு கை, வேண்டுதலுக்காக. கூட்டத்தின் நெரிசலில் முந்தானையின் முடிச்சு எப்போது நழுவியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் பின்னால் சவேரியக்காவோடு வந்துகொண்டிருந்தேன். கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் ஒரு சின்ன உருவம், நான் தைத்துக்கொடுத்த மஞ்சள் கவுன், பேண்டு சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல், விழாமல், தடுமாறாமல் மணலில் நடந்து போவதைப் பார்த்தேன். அன்றுவரை ஓசன்னா தனியாக ஓர் அடிகூட நடந்ததில்லை. "பிள்ள!" என்று சவேரியக்கா போட்ட சத்தத்தில் பேண்டு நின்றது.

பெனிட்டா ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பிள்ளை விளிம்பில் போய் நின்றது, இறங்கியது. பெனிட்டா யோசிக்கவேயில்லை, தன் பள்ளத்துக்குள் தானும் குதித்தாள், பிள்ளையை வாரி எடுத்தாள், எந்தத் தாயும் எடுக்கிற மாதிரி வயிற்றோடு சேர்த்து அணைத்தாள்.

அணைத்ததும் அளவு சரியாகிவிட்டது.

எனக்கு அது கண்ணில் பட்டவுடனே புரிந்தது. துருத்தி நின்ற காலியிடத்தில் பிள்ளை போய் உட்கார்ந்துவிட்டது. தாயும் பிள்ளையும் அந்தப் பள்ளத்தில் ஒரு நூல் இடைவெளி இல்லாமல் பொருந்தினார்கள். அவள் பிள்ளையை விட்டால் பிள்ளை போய்விடும், விடாவிட்டால் ரெண்டு பேரும் போய்விடுவார்கள், அவள் விடமாட்டாள். தண்ணீர் நாலு பக்கமும் நெருங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். "யக்கா," என்றாள்.

ஊர் விளிம்பில் நின்றது. தடுக்கி விழுந்தால் செத்துப்போவோம் என்பதுபோல எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள், ரோமால்டு எங்கேயோ சப்பரத்தின் முன்கயிற்றிலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துகொண்டிருந்தான், நேரத்துக்கு வந்து சேர மாட்டான். என் பள்ளம் பக்கத்திலேயே, ரெண்டு எட்டில், தோள் இறங்கி, காத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயமென்றால் அப்படியொரு பயம். ஆனால் இருபது வருஷமாகத் துணி வெட்டுகிற புத்தி ஒன்று எனக்குள் இருக்கிறது, ஒரு ஆளுக்கு எடுத்த அளவில் இன்னொரு ஆள் சேர்ந்து நுழைய முடியாது என்று அது சொன்னது. நான் குதித்தேன்.

குதித்து அவளையும் பிள்ளையையும் ஒன்றாகக் கட்டிப் பிடித்தேன். இடம் போதவில்லை. என் முதுகு தண்ணீர்ச் சுவரில் முட்டியது, முழங்கை ஒரு பக்கம் இடித்தது, தண்ணீர் எங்களைத் தள்ளிப் பார்த்தது, சுற்றி வந்து தேடிப் பார்த்தது, எங்கே ஒட்டுவது என்று அதற்குத் தெரியவில்லை. பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்தது. பெனிட்டாவின் பல் தந்தியடித்தது என் காதில் கேட்டது. "விட்டுராதட்டி," என்றேன். "யாரையும் விட்டுராத."

"ஏறுங்கடி!" சவேரியக்காவின் தொண்டை மேலே வெடித்தது. "பின்னாலேயே ஏறுங்க! கடலப் பாத்துக்கிட்டு! முதுகக் காட்டாதிய!"

மூன்று பேரும் ஒரே உடம்பாக, பின்னால் பின்னால், மணல் சரியச் சரிய ஏறினோம், அதற்குள் வந்து சேர்ந்துவிட்ட ரோமால்டும் மற்றவர்களும் எங்கள் முடியையும் துணியையும் பிடித்து இழுத்தார்கள். இடுப்பு வெளியே வந்ததும் பெனிட்டா உள்ளங்கையை நீட்டி ஒரு தடவு தடவினாள். பள்ளம் பாதி மூடியது. வயிறு மட்டும் திறந்திருந்தது. நான் ஓசன்னாவின் கையைப் பிடித்து விரலை விரித்துத் தண்ணீரில் வைத்தேன், அதைத் தடவ வைத்தேன். மீதியும் மூடியது. ஓர் அலை வந்து அந்த இடத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போனது. அப்போதுதான் அந்தப் பிள்ளை, பிறந்ததிலிருந்து முதல்தடவையாக, தொண்டை கிழிய அழுதது. ஊர் முழுக்க அழுதது, பேண்டுக்காரர்களும் அழுதார்கள்.

பெனிட்டா பிள்ளையை ரோமால்டிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "வாக்கா, ஒனக்கு நான் வாரேன்," என்றாள். என் பள்ளத்துக்குள் நாங்கள் ரெண்டு பேரும் கட்டிப் பிடித்து இறங்கினோம். அந்த ஒரு நிமிஷத்தில் என் பள்ளம் என்னை எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டது என்பதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அவள் விடவில்லை, அதனால் ஏறி வந்தேன், தடவினேன். சவேரியக்காவோடு இறங்க ரெண்டு பேர் போதாது என்று யாரோ சொல்ல அழுகைக்கு நடுவில் சிரித்தோம், அவளும் மூடிவிட்டு வந்தாள். கடைசியில் ரொசாரியும் அந்தோணியாளும் நின்றார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல். அந்தோணியாள்தான் முதலில் கையை விரித்தாள். ரொசாரியின் பள்ளத்தில் ஒருதடவை, அந்தோணியாளின் பள்ளத்தில் ஒருதடவை, அவர்கள் கட்டிப் பிடித்தபடி ஏறி வந்தார்கள், மேலே வந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

பிளாவியா தனியாகப் போனாள். யாராவது ஒருத்தி கூடக் குதித்திருந்தால் போதும். அது தெரியாமலேயே அவளைக் கொடுத்துவிட்டோம்.

இப்போது எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளையும் கடலில் தூக்கிப் போடுகிறார்கள், கடலை மூடச் சொல்லித் தருகிறார்கள். வருஷா வருஷம் எங்கள் குழு வெள்ளைமேட்டுத் தீவுக்குப் போகிறது. ஓசன்னா மேட்டில் சாக்கை விரித்து வழுக்குகிறாள், மற்றப் பிள்ளைகளோடு நீந்துகிறாள், நீச்சலில் அவளை அடிக்க ஆளில்லை. நாங்கள் பழைய ஆட்கள் ஐந்து பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் கைகோத்து நின்று, ஏறி வருகிற ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கேட்கிறோம். "ஓசன்னா, மூடிட்டியாட்டி?" "மூடிட்டேன் பெரிம்மா!" என்று சிரித்துக்கொண்டே கத்துவாள். ஒவ்வொருத்தியும் கத்துவாள்.

எல்லாரும் ஏறிய பிறகு சவேரியக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய தொண்டையைத் தாழ்த்தி, காலிக் கடலைப் பார்த்துக் கடைசியாக ஒரு பெயரைக் கூப்பிடுவாள். "பிளாவியா, மூடிட்டியாட்டி?"

பதில் வராது. ஒருநாள் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டேதான் ஒவ்வொரு வருஷமும், ஒரு பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், அங்கேயே நிற்கிறோம்.